வாய்க்காலுக்கு மேற்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்திருக்கிறேன், தமிழ்வழி. பேச்சுப் போட்டியில் மாவட்ட அளவில் மூன்று முறை பரிசு வாங்கியவள். ‘இந்த வாய்க்கு வக்கீல் தொழில்தான்’ என்கிறார்கள் ஆசிரியர்கள். ‘நம் வீட்டில் யாரும் கோர்ட் படி ஏறியதில்லை, நர்சிங் படி’ என்கிறார் அப்பா. நீங்கள் சில காலம் வக்கீலாக இருந்ததாக எழுதியிருந்தீர்கள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு முயல வேண்டுமா, அரசு சட்டக் கல்லூரி போதுமா? ஆங்கிலம் சரளமாக வராத எனக்கு இது ஒத்துவருமா? வருமானம் எப்படி?

ம.

அன்புள்ள ம.,

என் மகளைவிடச் சிறியவள் நீ. ஆகவே ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று ஒரு பத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் தம்பி மகன், 1931ஆம் வருடத்துத் தாய்ப்பத்திரத்தைப் படம் பிடித்து அனுப்பி, ‘பெரியப்பா, இது என்ன மொழி?’ என்று கேட்டிருந்தான். தமிழ்தான். வேலி, மா, குழி என்று பழைய நில அளவு போட்டிருந்தது. ஒரு வேலி இருபது மா, ஒரு மா நூறு குழி என்று அவனுக்கு விளக்கிவிட்டு நிமிர்ந்தால், தமிழ்வழியில் படித்ததற்கு வருத்தப்பட்டு நீ எழுதியிருக்கிறாய். கோபம் வந்தது. உன் மேல் மட்டும் இல்லை.

முதலில் சில்லறைக் கேள்விகள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் திருச்சியிலேயே இருக்கிறது. அதற்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 2 மணி நேரத்தில் 120 கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில். கட்டணம் லட்சக் கணக்கில். அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்துச் சேர்க்கிறார்கள், கட்டணம் சொற்பம். பெரிய கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதும் வேலை வேண்டுமானால் முதலாவது. உள்ளூர் கோர்ட்டில் நிற்க இரண்டாவது போதும். நீதிபதி ஆகும் ஆசை இருந்தால், மூன்று ஆண்டுகள் தொழில் செய்த பிறகே தேர்வு எழுத முடியும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்ய, பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்றும் 2024இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. யாராவது கூடுதலாகக் கேட்டால் அதைச் சொல்.

வருமானமா? முதல் நான்கைந்து வருடம் சோறு வீட்டிலிருந்துதான் வரும். எனக்கு நான் தொழில் பழகிய சீனியர் வக்கீல் தந்தது பஸ் காசும் தீபாவளிக்கு ஒரு வேட்டியும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும், மற்ற ஊர்களில் 15,000 என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நீ சேரப்போகும் சீனியரிடம் கூச்சப்படாமல் கேள். அவர் முகம் போகும் போக்கிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

இனி பேச்சுப் போட்டி. மூன்று பரிசையும் பத்திரமாக அலமாரியில் வைத்துவிடு. கோர்ட்டில் கைதட்ட ஆள் இல்லை. நீ மூச்சு இழுப்பதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிடுவார்கள். நன்றாகப் பேசிக் கெட்ட ஜூனியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

காவிரிக் கரையில் ஒரு சிறிய ஊர், முன்சீப் கோர்ட், தொண்ணூறுகளின் தொடக்கம். விதவைக் கிழவி ஒருவரின் நிலத்தில் பக்கத்துக்காரர் வரப்பை வெட்டிவிட்டார். பிராது, அதாவது வழக்கு மனு, எழுதும் வேலையை சீனியர் என்னிடம் விட்டார். அசையாச் சொத்து என்றால் அதை அடையாளம் காணும் அளவுக்குப் பிராதில் விவரம் இருக்க வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 7, விதி 3. பத்திரத்தில் நான்குமால், அதாவது நிலத்தின் நான்கு எல்லைகள், இப்படி இருந்தது: ‘ஐயாக்கண்ணு நிலத்துக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு, களத்துக்குத் தெற்கு, பாதைக்கு வடக்கு, இதன் மத்தியில் 2 மா 30 குழி.’

தமிழில் எழுதியிருந்தால் அப்படியே பார்த்து எழுதித் தப்பித்திருப்பேன். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மரியாதை என்று நினைத்த வயது. கிழக்கே ஐயாக்கண்ணு நிலம், மேற்கே வாய்க்கால், தெற்கே களம், வடக்கே பாதை என்று ஆங்கிலத்தில் அழகாகக் கட்டம் போட்டுவிட்டேன். எங்கே தப்பு என்று தெரிகிறதா? இன்னொரு முறை படி. ஐயாக்கண்ணு நிலத்துக்குக் கிழக்கு என்றால் நம் நிலம் அவர் நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது. அவர் நமக்கு மேற்கே. ஒரு ‘கு’வை விட்டேன், நிலம் முழுவதும் தலைகீழாகத் திரும்பிக்கொண்டது.

சீனியர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நிலத்தைப் பார்த்து வர கோர்ட் கமிஷனராக நியமித்த வக்கீல் சர்வேயரோடு போய்ப் பார்த்து, பிராதில் சொன்ன நிலம் அங்கே இல்லை என்று அறிக்கை கொடுத்தார். பக்கத்துக்காரரைத் தடுக்கக் கேட்ட இடைக்கால உறுத்துக்கட்டளை மனு தள்ளுபடி. பிறகு திருத்த மனு, அதற்கு எதிர் உரை, வாய்தா, வாய்தா. திருத்தம் அனுமதியாகப் பதினான்கு மாதம். அதற்குள் ஒரு போகம் நெல்லை எதிர்த்தரப்பு அறுத்துக்கொண்டது.

கிழவி சத்தம் போடவில்லை. ‘வாய்க்கால் வெயில் ஏறும் பக்கம் என்று அன்றைக்கே சொன்னேனே தம்பி’ என்றார். சொல்லியிருந்தார்தான். அவர் பேசும்போது நான் மனதுக்குள் ஆங்கில வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன்.

உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவு அப்படி. தமிழுக்கு இடம் கேட்டுச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் போட்டும் நடக்கவில்லை. ஐந்து வருடத்தில் ஆங்கிலத்தைக் கற்றுக்கொள், ஒன்றும் மலை இல்லை. ஆனால் தமிழ்வழியைக் குறையாக எழுதாதே. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரை வந்த, கம்பெனி காலத்து மேல் கோர்ட்டான சதர் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி 1862இலேயே அச்சிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியதும் அதே வருடம்தான்.

அப்பாவிடம் சண்டை போடாதே. வீட்டுப் பத்திரத்தைக் கேட்டு வாங்கு. கோர்ட் படி ஏறாதவர்கள் வீட்டிலும் ஒரு பத்திரம் இருக்கும். வாசலில் நின்றுகொண்டு நான்குமாலைப் படித்து, யார் எந்தப் பக்கம் என்று உன் கையால் எழுது. அதில் உள்ள பெயர்களில் பாதிப் பேர் இப்போது இருக்க மாட்டார்கள். அந்த மனை யார் கைக்குப் போனது என்று பாட்டியிடம் கேள், அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. எழுதியதை எனக்கு அனுப்பு. பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடாதே. கிளாட்டுக்குப் பணம் கட்டுவதா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.