தண்ணீரில் கண்டம் என்றார்கள்

கேள்வி: அம்மா, எங்கள் வீட்டிலிருந்து தாமிரபரணிப் படித்துறைக்கு ஐந்து நிமிட நடை. எனக்கு வயது 38. இதுவரை முழங்காலுக்கு மேல் ஆற்றில் இறங்கியதில்லை. ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று சொல்லியே அம்மா என்னை வளர்த்தார். கூட்டாளிகள் ஆற்றில் குதிக்கும்போது நான் கரையில் உட்கார்ந்து அவர்கள் சட்டைக்குக் காவல் இருப்பேன். இப்போது என் எட்டு வயது மகன் நீச்சல் படிக்க வேண்டும் என்கிறான். தடுத்துவிட்டேன். ‘ஏன்ப்பா?’ என்று கேட்டான். ‘நம் குடும்பத்துக்குத் தண்ணீர் ஆகாது’ என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. இந்த வயதில் ஒருவன் மாற முடியுமா?
– பெயர் வேண்டாம், சேரன்மகாதேவி பக்கம்

பதில்: தம்பி, ஜாதகத்தில் கண்டம் எழுதியிருந்தது உங்கள் ஒருவருக்குத்தான். மகனிடம் சொல்லும்போது அது ‘நம் குடும்பத்துக்கு’ என்று ஆகிவிட்டது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த ஒரு சொல்தான் என்று நினைக்கிறேன். கெடுத்ததும் நல்லதற்கே.

ஜாதகம் மெய்யா பொய்யா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. ஆற்றங்கரை ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் எப்போதும் நெருப்புதான். எட்டு வயதுப் பையனைச் சுழலிலிருந்து காப்பாற்ற உங்கள் அம்மாவுக்குக் கிடைத்த வேலி அந்த ஜாதகம். அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பையன் வளர்ந்த பிறகும் வேலியை யாரும் பிரிக்கவில்லை. ‘போகாதே’ என்று அம்மா சொன்னது, நாளடைவில் ‘நான் போகிறவன் இல்லை’ என்று உங்கள் வாயிலேயே வந்துவிட்டது. கட்டளையாக இருந்தவரை மீறியாவது பார்த்திருப்பீர்கள். சுபாவம் என்று ஆன பிறகு மீறத் தோன்றுமா?

ஒவ்வொரு முறை கரையிலிருந்து திரும்பும்போதும் மனசுக்குள் ஓர் ஆறுதல் வந்திருக்குமே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? பயத்துக்குத் தீனி போடுவது அந்த ஆறுதல்தான். ‘இறங்காததால் தப்பித்தோம்’ என்று அது கணக்கு எழுதிக்கொள்கிறது. முப்பது வருடமாக ஒரு தடவைகூட அந்தக் கணக்கை நீங்கள் சரிபார்க்கவில்லை.

1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். பீட்டர் என்று பெயர். மூன்று வயது நிரம்பாத பிள்ளை. முயலைக் கண்டால் அலறுவான். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, முயலைக் கூண்டோடு அறையின் தூரத்து மூலையில் வைத்தார்கள். பிறகு கொஞ்சம் பக்கத்தில், பிறகு இன்னும் பக்கத்தில். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கும்வரை கையை நீட்டிக்கொண்டு இருந்தானாம் அந்தப் பிள்ளை.

அதைப் படித்த அன்று எனக்கு என் மாமியார் ஞாபகம்தான் வந்தது. நான் ராதாபுரம் பக்கத்துப் பனங்காட்டில் பிறந்தவள். எனக்குத் தெரிந்த தண்ணீர் கிணற்றுக்குள் இருந்தது. வாளி போட்டு இறைத்தால்தான் மேலே வரும். கல்லிடைக்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, ஓடுகிற தண்ணீரைப் படித்துறையில் நின்று பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. ‘நான் காட்டுப் பிள்ளை, எனக்கு ஆறு ஒத்துவராது’ என்று வீட்டிலேயே குளித்தேன். அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துவைக்கிற துணியைத் தூக்க ஆள் வேண்டும் என்று கூட்டிப்போனார். முதல் நாள் பாசி இல்லாத படியாகப் பார்த்து உட்காரவைத்தார், கணுக்கால் அளவுத் தண்ணீரில். மீன்குஞ்சுகள் வந்து கால்விரலைக் கொத்தின. வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டேன். ‘பல்லில்லாத மீன், என்ன செய்துவிடும்?’ என்றார். காலை மறுபடியும் விட்டேன். நடுக்கம் அடங்கும்வரை எழுந்திருக்க விடவில்லை. அடங்கியதும், ‘இன்றைக்கு இது போதும், வா’ என்று கிளம்பிவிட்டார். மாசி முடிவதற்குள் கழுத்தளவில் நின்று முங்கி எழுந்தேன். உனக்குப் பயம் இல்லை, நீ தைரியசாலி என்றெல்லாம் அத்தை ஒரு நாளும் சொன்னதில்லை.

சொல்லியிருந்தாலும் பலித்திருக்காது. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் விரிவாக எழுதினார். நாமே செய்து பார்த்து முடித்ததுதான் எல்லாவற்றிலும் வலுவானது என்கிறார். நம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பதும் உதவும். பிறர் சொல்லும் ஊக்கம் அவ்வளவு தூரம் தாங்காது. ஆகவே, முதலில் மனம் மாறட்டும், பிறகு இறங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கால் இறங்கினால் மனம் பின்னால் வரும்.

ஆனால் ஆற்றில் தொடங்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். என் காலத்து ஆறு வேறு. இன்று மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இதே தாமிரபரணியில் வெள்ளம் எப்படி வந்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். பாளையங்கோட்டையில் நீச்சல் குளம் இருக்கிறது. பயிற்சியாளர் இருக்கிற நேரமாகப் பார்த்து மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் நாள் விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் நனையுங்கள். பிறகு இடுப்பளவு. முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சை ஊதிப் பழகுங்கள்; மிதப்பது அதன் பிறகு. நெஞ்சு படபடக்கும். உச்சத்தில் இருக்கும்போது ஏறி ஓடாதீர்கள். தணியும்வரை அதே இடத்தில் இருந்துவிட்டு ஏறுங்கள். பயத்தோடு ஏறினால் பயம்தான் ஜெயித்தது என்று பதிந்துவிடும்.

பயம் போனாலும் எச்சரிக்கை போக வேண்டியதில்லை. நன்றாக நீந்துகிறவனும் வெள்ளத்தில் இறங்க மாட்டான். அம்மாவிடம் ஜாதக வாதம் செய்யாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். ஒரு நாள் அவரையும் கூட்டிப்போய்க் குளத்தின் ஓரத்தில் உட்காரவையுங்கள். பேரன் கையைக் காலை அடிப்பதைக் கண்ணால் பார்க்கட்டும்.

மகனிடம் மட்டும் இன்று இரவே பேசிவிடுங்கள். ‘நம் குடும்பத்துக்கு ஆகாது என்று சொன்னது தப்பு. அப்பாவுக்குத் தண்ணீர் பழக்கமில்லை, அவ்வளவுதான். சேர்ந்து பழகலாமா?’ என்று கேளுங்கள்.

கேள்வி: ‘எங்கள் வகையறாவே கோபக்காரர்கள், என் ரத்தத்தை மாற்ற முடியாது’ என்கிறார் என் கணவர். உண்மையில் மாறாதா?
– ஒரு வாசகி, ஆலங்குளம்

பதில்: வேலை இடத்தில் மேலதிகாரி திட்டினால் தட்டைத் தூக்கி எறிகிறாரா? கடன் கேட்கப் போன இடத்தில் கத்துகிறாரா? இல்லை என்றால், கோபத்தை அடக்க அவருக்கு நன்றாகவே தெரிகிறது. வீட்டுக்குள் அடக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ரத்தம் ஆள் பார்த்துக் கொதிக்காது அம்மா. அவர் நிதானமாக இருக்கும் ஒரு நாளில் இந்தக் கேள்வியை அவரிடமே கேளுங்கள், சண்டை நடுவில் வேண்டாம். கை நீட்டுகிற அளவுக்குப் போயிருந்தால் அவர் மாறுவாரா என்று ஆராய்ந்துகொண்டு இருக்காதீர்கள். 181 பெண்கள் உதவி எண். உடனே அழையுங்கள்.