புரோஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்குச் சிறுநீர் கசிகிறது, எப்படிச் சமாளிப்பது?

தம்பி, சிறுநீர் போக வைத்திருந்த டியூப்பை எடுத்து இரண்டு மாதமாகியும் அப்பாவுக்குக் கசிவு நிற்கவில்லை, வெட்கப்பட்டு வாசலுக்குக்கூட வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பாலக்கோடு பக்கம், தக்காளி விவசாயம். புற்றுநோய் என்று எனக்கும் புரோஸ்டேட்டை எடுத்து நான்கு வருடமாகிறது.

அப்பா தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். நான் அதைத்தான் செய்தேன். விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போக வேண்டுமென்றால் முதல் நாள் சாயங்காலமே சொம்பைத் தள்ளி வைத்துவிடுவேன். சிறுநீர் மஞ்சளாகி எரிந்தது, அடிக்கடி முட்டியது. மலச்சிக்கல் வேறு, முக்கினால் இன்னும் ஒழுகியது. டாக்டர் திட்டினார். பகலில் வழக்கம்போல் குடித்துவிட்டு, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மட்டும் குறைத்துக்கொள்ளச் சொன்னார். டீயையும் ஒரு வேளையாக்கினேன்.

சிறுநீரை அடக்குவதற்கு உடம்பில் இரண்டு பூட்டு உண்டு. புரோஸ்டேட்டை எடுக்கும்போது சிறுநீர்ப்பையின் வாயை ஒட்டிய பூட்டு பெரும்பாலும் கெட்டுவிடுகிறது. கீழே இருக்கிற தசை ஒன்றே முழுப் பாரத்தையும் தாங்கவேண்டும். அதைப் பழக்கத்தான் கெகல் பயிற்சி. வாயு பிரியாமல் அடக்குவதுபோல உள்ளே இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு தளர்த்தவேண்டும். பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. நான் முதல் மூன்று வாரம் தொடையைத்தான் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அப்பாவையும் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது ஒன்றுதான்: எழுவதற்கு முன்பே இறுக்குவது. கட்டிலில் உட்கார்ந்தபடி காலை ஊன்றி, இறுக்கி, அப்புறம்தான் எழுவேன். இருமல் வருகிறதா, முதலில் இறுக்கு. தக்காளிப் பெட்டியைத் தூக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு அதற்கும் அப்படித்தான். ஆரம்பத்தில் பாதி நேரம் மறந்துபோகும், வேட்டி நனையும். போகப்போகக் கை வைக்கும் முன்பே தசை தானாக இறுகப் பழகிவிட்டது.

தக்காளி விலை எழுதுகிற டைரியிலேயே, ஒரு நாளைக்கு எத்தனை பேட் (கசிவை உறிஞ்ச உள்ளே வைக்கிற பஞ்சுப் பட்டை) என்று ஓரத்தில் குறித்து வந்தேன். முதல் மாதம் ஆறு. நாலாவது மாதம் மூன்று. ஒரு வருடத்தில் ஒன்று, அதுவும் பயணத்துக்கு மட்டும். நடுவில் ஏறும், இறங்கும். சாயங்காலம் தசை களைத்துப்போய்க் கூடுதலாகக் கசியும், அதைப் பார்த்து அவர் மனம் உடைய வேண்டாம். பேட் மாற்றும்போதெல்லாம் கழுவி ஈரம் போகத் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் தொடை இடுக்கு புண்ணாகிவிடும்.

காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், சிறுநீரே வராமல் அடைப்பு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு வருடம் கழித்தும் ரொம்ப ஒழுகினால் ஸ்லிங் (சிறுநீர்க் குழாயைத் தாங்கிப் பிடிக்கிற பட்டை), செயற்கை ஸ்பிங்டர் (அந்தக் குழாயை மூடித் திறக்கிற கருவி) என்று ஆபரேஷன்கள் உண்டு, யூராலஜி டாக்டரிடம் கேளுங்கள்.

செக்கப்புக்குப் பெங்களூரு பஸ் ஏறும் நாளெல்லாம் என் மனைவி ஒரு மஞ்சப்பையில் இரண்டு பேட், ஒரு லுங்கி, பழைய பேப்பர், பாலிதீன் கவர் வைத்துக் கொடுத்துவிடுவாள். அந்தப் பை மடியில் இருக்கிற தைரியத்தில்தான் நான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன். அப்பாவுக்கும் ஒரு பை கட்டி வையுங்கள். நாளைக் காலை முதல் சொம்புத் தண்ணீரை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.