மாலையில் இடது திரை மட்டும் வெளுத்தால்

வீட்டில் அமைத்த விமான சிமுலேட்டரில் மாலையானால் இடது மானிட்டர் மட்டும் வெளுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பிரைட்னஸை ஏற்றாதீர்கள், அந்த மானிட்டரை 5 டிகிரி திருப்பிப் பாருங்கள். திரை 5 டிகிரி திரும்பினால் பிரதிபலிப்பு 10 டிகிரி நகரும். பல சமயம் அதுவே போதும்.

தண்டையார்பேட்டை மாடி அறை, முதுகுப்பக்கம் மேற்கு ஜன்னல், 4 மணிக்கு மேல்தான் தொல்லை என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் அந்த ஜன்னல்தான் காரணம். உறுதிசெய்ய மானிட்டரை அணைத்துவிட்டு விமானி இருக்கையில் உட்காருங்கள். வெளுக்கும் இடத்தில் ஒரு சின்ன முகக்கண்ணாடியைத் தட்டையாக வைக்கச் சொல்லுங்கள். அதில் தெரிவதுதான் குற்றவாளி. சில நேரம் அது நீங்கள் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டையாகக்கூட இருக்கும்!

ஜன்னல்தான் என்றால் கறுப்பு வெல்வெட் திரைச்சீலை போடுங்கள். சாட்டின் வேண்டாம், அதுவே பளபளக்கும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் கேளுங்கள். ஜன்னல் சட்டத்தைவிட இருபுறமும் 15 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் கீற்று வெளிச்சம் நேராக மானிட்டரில் விழும்.

கருவிப் பலகைத் திரையும் மங்கினால் அதன் மேல் மேட் கறுப்பு அடித்த 3 மி.மீ. பிளைவுட்டை 15 செ.மீ. முன்னால் நீட்டிப் பொருத்துங்கள். நிஜ விமானத்தின் காக்பிட்டிலும் (விமானி அறை) கருவிப் பலகைக்கு மேலுள்ள மூடி பளபளப்பில்லாத அடர்நிறம்தான்.

துணியோ பலகையோ மானிட்டரின் காற்றுத் துளைகளை மறைக்கக் கூடாது. மே மாத மொட்டைமாடிச் சூட்டில் அது திரைக்கே வினையாகும்.