முட்டி வலிக்கிறது, எந்த கிளிப்லெஸ் பெடல் வாங்கலாம்?

கேள்வி: வயது 47, தாம்பரம் பக்கம் இருக்கிறேன். இரண்டு வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். சனி, ஞாயிறுகளில் நண்பர்களோடு ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய் வருவது வழக்கம். சில மாதங்களாக வலது முட்டியின் முன்பக்கம், சில்லுக்குக் கீழே வலி. படி இறங்கும்போது நன்றாகத் தெரிகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இதுவரை சாதாப் பெடல், சாதா ஷூதான். ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் வகைக்கு மாற்றினால் வலி போய்விடும் என்று குழுவில் சொல்கிறார்கள். கடைக்காரர் ஷூ, பெடல், ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்கிறார். அடுத்த வருடம் 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு) ஓட்ட ஆசை. எந்தப் பெடல் வாங்குவது?

பதில்: அந்த பேக்கேஜை மட்டும் வாங்காதீர்கள். பெடல் வாங்கலாம், அதற்கும் ஒரு மாதம் பொறுங்கள். உங்கள் வலி சாதாப் பெடலில்தானே வந்தது? அப்படியானால் அதன் காரணம் பெடலில் இல்லாமல் வேறெங்கோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் பாதத்தை மட்டும் பெடலோடு பூட்டினால், இன்று விட்டுவிட்டு வரும் வலி நாளைக்கு ஒவ்வொரு மிதிக்கும் வரும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு முட்டி 4,800 தடவை மடங்கி நீள்கிறது. இந்தக் கணக்கை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள்.

சில்லுக்குக் கீழே, முன்பக்கம் வலி என்றதும் நான் முதலில் பார்ப்பது சீட் உயரத்தைத்தான். சீட் தாழ்வாக இருந்தால் முட்டி அளவுக்கு மீறி மடங்கிய நிலையிலேயே பாரத்தைத் தள்ள வேண்டியிருக்கும், அந்த அழுத்தம் முழுக்கச் சில்லின் மேல் விழும். வீட்டிலேயே பார்த்துவிடலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறி உட்காருங்கள், பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன் மேல் வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் அப்போதுதான் நேராக வேண்டும். குதிகாலை வைத்த பிறகும் முட்டி மடங்கியே இருந்தால் சீட் தாழ்வு. ஒரே நாளில் இரண்டு இன்ச் ஏற்றிவிடாதீர்கள். சீட் போஸ்ட்டில் ஒரு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு மூன்று நான்கு மில்லிமீட்டராக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று ரைடு ஓட்டிப் பாருங்கள். அதிகம் ஏற்றிவிட்டால் வலி முட்டியின் பின்பக்கத்துக்கு இடம் மாறும். அப்படி மாறினால் கொஞ்சம் இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது கியர். முன்னால் பெரிய வளையம், பின்னால் சின்னப் பல்லு, எதிர்காற்று, முன்னால் போகிற இளவட்டங்களை விடக்கூடாது என்கிற வீம்பு. ஈசிஆரில் ஞாயிறு காலையில் நான் பார்க்கிற முட்டி வலிகளில் பாதி இப்படி வந்தவைதான். வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, கியரை இலகுவாக்கி 80, 90 சுற்றில் கால் ஓடட்டும்.

இதெல்லாம் செய்து ஒரு மாதத்தில் வலி குறைந்தால் அப்புறம் பெடல் கடைக்குப் போங்கள். குறையவில்லை என்றாலோ, முட்டி வீங்கினாலோ, நடுவில் பூட்டிக்கொண்டு நின்றாலோ, நடக்கும்போது திடீரென்று மடங்கினாலோ பெடல் பேச்சையே விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள், கூடவே ஒரு நல்ல பிசியோவிடமும். நம் ஊர் எலும்பு டாக்டர்களில் பலருக்கு சைக்கிள் என்றாலே ஒரே பதில்தான்: விட்டுவிடுங்கள், வாக்கிங் போங்கள். இரண்டு நிமிடத்தில் ஆளை அனுப்பிவிடுகிறார்கள், சீட் எவ்வளவு உயரம் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த இடைவெளியில்தான் கடைக்காரர்கள் வைத்தியர்களாகிவிட்டார்கள்.

சரி, பெடலுக்கு வருகிறேன். சாதாப் பெடலில் உங்கள் பாதம் தனக்கு வசதியான கோணத்தை ஒவ்வொரு சுற்றிலும் தானே தேடிக்கொள்கிறது. கிளிப்லெஸில் ஷூவின் அடியில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் கிளீட் என்ற சின்னத் துண்டு பெடலுக்குள் கடிபட்டுவிடும். மேலே இடுப்பு சீட்டில் உட்கார்ந்துவிட்டது, கீழே பாதம் பூட்டிவிட்டது, நடுவில் முட்டிக்கு மத்தளத்தைப் போல இரண்டு பக்கமும் இடி. இதிலிருந்து தப்ப இருக்கும் வழியைத்தான் ஃப்ளோட் என்கிறார்கள். மாட்டியிருக்கும்போதே குதிகால் தடையில்லாமல் உள்ளேயும் வெளியேயும் எத்தனை டிகிரி ஆடலாம் என்பதே அது. முட்டி வலிக்காரர் பெடலில் பார்க்க வேண்டியது இரண்டுதான்: ஃப்ளோட் எவ்வளவு, கழற்றுவது எவ்வளவு சுலபம். எடை, கார்பன், பேரிங் என்று கடையில் பேசுவதை எல்லாம் காதில் வாங்க வேண்டாம்.

ஃப்ளோட்டைக் கிளீட்டின் நிறம் பார்த்தே சொல்லிவிடலாம். ஷிமானோ கம்பெனியின் ரோடு வகையான எஸ்பிடி-எஸ்எல்லில் சிவப்புக் கிளீட்டுக்கு 0 டிகிரி, நீலத்துக்கு 2, மஞ்சளுக்கு 6. லுக் கம்பெனியின் கியோ வகையில் கறுப்பு 0, சாம்பல் 4.5, சிவப்பு 9. கவனித்தீர்களா? ஒரு கம்பெனியில் சிவப்பு என்றால் அசையவே அசையாது, இன்னொன்றில் சிவப்புதான் அதிகம் ஆடுவது. ‘சிவப்பு வாங்குங்க சார், நல்லா இருக்கும்’ என்று யாராவது பொதுவாகச் சொன்னால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீட்பிளே என்ற பெடலில் 15 டிகிரி வரை விடலாம், எவ்வளவு வேண்டும் என்பதைக் கிளீட்டில் இருக்கும் சின்ன ஸ்க்ரூக்களால் நாமே வைத்துக்கொள்ளலாம். முட்டிக்கு நல்ல பெடல்தான். ஆனால் விலை அதிகம், மண் புகுந்தால் அடம்பிடிக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது ரோடு வகையே இல்லை. கிளீட்டை இரண்டு போல்ட்டில் மாட்டும் எஸ்பிடி, அதாவது மவுண்டன் பைக்குக்கு வந்த வகை. ஷிமானோ எம்520 போல விலை குறைந்தது போதும். ஒரு பக்கம் எஸ்பிடியும் மறு பக்கம் சாதாவுமாக இருக்கும் இஎச்500 இன்னும் நல்லது, வலிக்கிற நாளில் காலைப் பூட்டாமலேயே ஓட்டிவிடலாம். ஃப்ளோட் 4 டிகிரி அளவுதான், மஞ்சள் கிளீட்டைவிடக் குறைவு என்று உங்கள் குழுவில் யாராவது விவரம் தெரிந்தவர் சண்டைக்கு வருவார். வரட்டும். கோணத்தைச் சரியாக வைத்தால் பெரும்பாலான முட்டிகளுக்கு அது போதும், கழற்றும் இறுக்கத்தை மிகவும் குறைக்கலாம், கிளீட் ஷூவின் அடியில் புதைந்திருப்பதால் நடக்கவும் முடியும். பிரெவேயில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். அதற்குள் எத்தனை தடவை இறங்குவீர்கள், எத்தனை டீக்கடை, எத்தனை பெட்ரோல் பங்க் பாத்ரூம் என்று யோசித்துப் பாருங்கள். ரோடு கிளீட்டோடு ஈர டைல்ஸில் ஒரு தடவை வழுக்கினால் போதும், அத்தனை நாள் பார்த்துப் பார்த்து வைத்த முட்டி போச்சு.

இப்போது பேக்கேஜ். அதில் வருவது பெரும்பாலும் கடையில் தேங்கிய சரக்கு. உங்கள் கால் அளவுக்கு எந்த ஷூ மிச்சமிருக்கிறதோ அதற்குப் பொருந்தும் பெடல், அந்தப் பெடலோடு வந்த கிளீட், கூடவே ‘ஃபிட்டிங்’. அந்த ஃபிட்டிங்கில் காலில் லேசர் கோடு விழும், கம்ப்யூட்டரில் எலும்புக்கூடு மிதிக்கும், கடைசியில் கலர் பிரிண்ட் கொடுப்பார்கள். எந்த இடத்தில் வலி, எப்போது ஆரம்பித்தது, எந்தக் கியரில் ஓட்டுவீர்கள் என்று கேட்டார்களா? கேட்காவிட்டால் அது ஃபிட்டிங் இல்லை, ஃபோட்டோ ஷூட். நல்ல ஃபிட்டர்களும் இருக்கிறார்கள், அவர்கள் முதல் அரை மணி நேரம் சைக்கிளையே தொட மாட்டார்கள், உங்களை மேஜையில் படுக்கவைத்து இடுப்பையும் முட்டியையும் கணுக்காலையும் மடக்கி நீட்டித்தான் பார்ப்பார்கள். யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலையில் இந்த ஒரு அடையாளத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பேக்கேஜுக்கு அடுத்த பொறி வாட்ஸ்அப் குழுவில் வரும் செகண்ட் ஹாண்ட். ‘ஜோடி பெடல், கிளீட்டோடு, ஒரு மாதம்தான் ஓட்டியது.’ பெடலை வாங்கலாம், அந்தக் கிளீட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள். இன்னொருவர் நடந்து தேய்ந்த கிளீட் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வு நேராக முட்டிக்குத்தான் போகும். போதாததற்கு அது ஷிமானோ சிவப்பாகவும் இருந்துவிட்டால் உங்கள் வலிக்கு நீங்களே காசு கொடுத்த கதைதான். இன்னொன்று: ரோடு வகைக்கான மூன்று ஓட்டை ஷூ என்றால் எல்லாக் கிளீட்டும் மாட்டும் என்பார்கள். ஷூவில் மாட்டும், உண்மைதான். லுக் கிளீட் ஷிமானோ பெடலுக்குள் போகாது, லுக்கிலேயே பழைய டெல்டா கிளீட் கியோ பெடலுக்குள் போகாது. பெடலும் கிளீட்டும் ஒரே கம்பெனி, ஒரே வகை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பணம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நீட்டித்தான் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதில் இல்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் முட்டி வலி என்று வருபவர்களில் பலர் இதைக் கடைசியில்தான் வாயைத் திறந்து சொல்கிறார்கள். மெனிஸ்கஸ் (முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்தவர்கள், லிகமென்ட் (மூட்டு எலும்புகளைப் பிணைக்கும் நார்) ஆபரேஷன் செய்தவர்கள். இவர்களுக்குச் சிக்கல் மிதிப்பதில் அல்ல, கழற்றுவதில். எல்லா கிளிப்லெஸ் பெடலும் பொதுவாகக் குதிகாலை வெளிப்பக்கம் முறுக்கினால்தான் விடும், அந்த முறுக்கைத்தான் இவர்களின் முட்டி தாங்காது. ஃப்ளோட் அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைத்து வாங்குவார்கள், ஆனால் ஃப்ளோட் கூடக்கூட அதைத் தாண்டி இன்னும் தள்ளி முறுக்க வேண்டியிருக்கும். சிக்னலில் அவசரத்தில் வெடுக்கென்று இழுக்கும்போது உள்ளே சுருக்கென்று பிடிக்கும். இவர்களுக்கு உதவுகிற மாதிரி ஷிமானோ எஸ்பிடியில் எஸ்எச்56 என்று ஒரு கிளீட் இருக்கிறது. சாதாரணமாக வருகிற எஸ்எச்51 வெளிப்பக்கம் திருப்பினால் மட்டுமே விடும், 56 உள்பக்கம் திருப்பினாலும், குதிகாலைச் சாய்த்துத் தூக்கி இழுத்தாலும் விட்டுவிடும். ஏறி நின்று மிதிப்பவர்கள் அது தானாகக் கழன்றுவிடும் என்று திட்டுவார்கள், உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அந்தப் பிரச்சினை அவ்வளவாக வராது. கிராங்க்பிரதர்ஸ் என்ற இன்னொரு கம்பெனியின் பெடலில் இறுக்கத்தைக் குறைக்க வழியே இல்லை, ஆனால் கிளீட்டை வலது இடது மாற்றிப் போட்டால் கழலும் கோணம் 20க்குப் பதில் 15 டிகிரி ஆகும், அதுவும் உதவும். இவ்வளவும் செய்தும் கழற்றும்போது வலித்தால் கிளிப்லெஸ் வேண்டாம். ஊசி முனை வைத்த நல்ல சாதாப் பெடலில் உலகத்தையே சுற்றி வரலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த 56 கிளீட்டைக் கடையில் கேட்டுப் பாருங்கள், ‘அதெல்லாம் வராது சார்’ என்பார்கள். ஆயிரக்கணக்கில் கார்பன் வீல் இறக்குகிறவர்களுக்கு ஒரு டப்பா கிளீட் இறக்க முடியவில்லை.

கிளீட்டை மாட்டுவது கடைக்காரர் வேலையென்று விட்டுவிடாதீர்கள். ஷூவைப் போட்டுக்கொண்டு கட்டைவிரல் மூட்டும் சுண்டுவிரல் மூட்டும் எங்கே முட்டுகின்றன என்று வெளியிலிருந்தே தடவிப் பார்த்துப் பேனாவால் கோடு போடுங்கள். பெடலின் அச்சு இந்த இரண்டுக்கும் நடுவில் வரட்டும், முன்னால் போகவே கூடாது. அப்புறம் ஒரு உயரமான மேஜையில் உட்கார்ந்து கால்களைத் தளர்வாகத் தொங்கவிட்டுக் கீழே பாருங்கள். வலது பாதம் இயல்பாக எந்தக் கோணத்தில் தொங்குகிறதோ அதே கோணத்தில் கிளீட்டைத் திருப்பி வையுங்கள், இடதுக்கு இடதைப் பார்த்து. இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. போல்ட்டில் துளி கிரீஸ் தடவிவிட்டு மாட்டுங்கள், நம் ஊர் வியர்வைக்கும் கடற்காற்றுக்கும் அது துருப்பிடித்து இறுகிவிட்டால் அடுத்த தடவை ஆலன் கீயே வழுக்கும். பெடலின் இறுக்கத்தை 3 மில்லிமீட்டர் ஆலன் கீயால் மைனஸ் பக்கம் கடைசி வரை தளர்த்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஐம்பது தடவையாவது மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். முதல் இரண்டு வாரம் 20 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். ரைடின் நடுவில் முட்டியின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ புதிதாக வலித்தால் கோணம் தவறு, இறங்கிக் கிளீட்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அதற்காகக் கிளீட் போல்ட்டுக்கான 4 எம்எம் ஆலன் கீ பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

பழைய பெடலைக் கழற்றும்போது மட்டும் ஒரு விஷயம். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகாரத் திசையில் சுற்றினால்தான் கழலும். அவசரக்கார மெக்கானிக் மறு பக்கம் அழுத்தி கிராங்க்கின் மரையையே தின்றுவிட்டால் பெடலோடு கிராங்க்கும் வாங்க வேண்டியதுதான், அதனால் பக்கத்திலேயே நில்லுங்கள்.