சைக்கோவின் மாடிப்படி

அன்புள்ள சார்,

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை (1960) மறுபடி பார்த்தேன். மோட்டல் நடத்தும் நார்மனின் அம்மா செத்துப் பத்து வருஷம் ஆகிவிட்டது என்று தெரிந்தும் பயம் குறையவில்லை. ஆனால் இல்லாத அம்மாவைப் பேசவிட்டு, நடமாடவிட்டுக் காட்டியது அழுகுணி ஆட்டம் இல்லையா? இதே மாதிரி அம்மா–மகன் படம் வேறு என்ன பார்க்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குரல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கதைப்படி அம்மாவாக வேஷம் போட்டுப் பேசுவதும் கொல்வதும் நார்மன். ஆனால் நார்மனாக நடித்த ஆந்தனி பெர்கின்ஸ் அதைப் பேசவில்லை. வர்ஜீனியா கிரெக், ஜேனட் நோலன், பால் ஜாஸ்மின் என்று மூவர் குரலை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஜாஸ்மின் ஆண். கடைசியில் போலீஸ் காவலில் கேட்கும் பேச்சு மட்டும் முழுக்க கிரெக்கினுடையது. குளியலறையில் கத்தியோடு வரும் உருவமும் பெர்கின்ஸ் இல்லை.

படிக்கட்டுக் காட்சிகளில் காட்டுவது எதுவும் பொய்யில்லை. அங்கேதான் ஹிட்ச்காக்கின் கெட்டிக்காரத்தனம். துப்பறிவாளர் ஆர்போகாஸ்ட் மாடி ஏறும்போது கேமரா கூரைக்குப் போய்விடுகிறது. கொல்ல வரும் அம்மாவை முதுகுப்பக்கமிருந்து எடுத்திருந்தால் முகத்தை ஒளிக்கிறார்கள் என்று நமக்கு உறைத்திருக்கும். உச்சியிலிருந்து பார்க்கும்போது அப்படித் தோன்றுவதில்லை. அந்தத் தூரத்துக் காட்சியிலிருந்து சட்டென்று ஆர்போகாஸ்ட் முகத்தின் க்ளோசப்புக்கு வெட்டுவதால் அதிர்ச்சியும் கூடுகிறது.

அடுத்தது இன்னும் துணிச்சல். "திருமதி பேட்ஸ் உயிரோடிருந்தால் கல்லறையில் புதைத்தது யாரை?" என்று ஷெரீப் கேட்கிறார். நமக்குச் சந்தேகம் முளைக்கும் அந்த இடத்திலேயே ஹிட்ச்காக் அம்மாவைக் காட்டிவிடுகிறார். நார்மன் மாடி ஏறி அறைக்குள் போகிறான். கேமரா உள்ளே போகாமல், வெட்டே இல்லாமல் மேலே ஏறித் திரும்புகிறது. அதற்குள் உள்ளே இருவரும் வாக்குவாதம் செய்வது கேட்கிறது. நிலவறைக்குப் போகமாட்டேன் என்கிறாள் அம்மா. சண்டையில் காதைக் கொடுத்திருப்பதால் கேமரா எங்கே போகிறது என்று நாம் யோசிப்பதில்லை. அவன் தூக்கி வரும்போது நாம் உச்சியில் இருக்கிறோம். தூக்கி வருவது நிஜமாகவே அம்மாவைத்தான், அவன் பாடம் செய்து வைத்த பிணத்தை!

தெரிந்த பின்னும் பயம் ஏன் என்றால், அது ரகசியத்தில் இல்லை. மோட்டலில் தங்க வரும் மேரியன் சாண்ட்விச் சாப்பிடும் அறையைப் பாருங்கள். அம்மாவை எங்காவது சேர்த்துவிடலாமே என்று அவள் சொன்னதும் நார்மன் முன்னால் சாய்கிறான். அதுவரை திக்கிய பேச்சு தங்குதடையில்லாமல் வருகிறது. அம்மாவின் கோபம் அவன் வாயில் வந்து உட்கார்வதை முதலில் பார்ப்பது அங்கேதான்.

அடுத்து 'நொட்டோரியஸ்' (1946) பாருங்கள். ரியோவில் பதுங்கிய நாஜிக் கூட்டம். அதில் ஒருவன் அலெக்ஸ். தன் மனைவி அமெரிக்க உளவாளி என்று தெரிந்ததும் அவன் விடிகாலையில் போய் எழுப்புவது அம்மாவை. மருமகளைப் பற்றிப் புகார் என்றதும் அவள் முகத்தில் திருப்தி. விஷயம் முழுதாகத் தெரிந்ததும் படுக்கையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கிறாள். இனி வீடு அவள் கையில். கூட்டாளிகளுக்குச் சந்தேகம் வராதபடி, நோயில் இழுத்துக் கிடந்து செத்ததுபோல இருக்கவேண்டும் என்று காபியில் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் வைப்பது அவள் யோசனைதான். அம்மாவாக நடித்த கான்ஸ்டன்டினுக்கும் அலெக்ஸாக நடித்த கிளாட் ரெய்ன்ஸுக்கும் 3 வயதுதான் வித்தியாசம். அந்தக் காட்சியில் ரெய்ன்ஸ் உட்கார்ந்திருக்கும் விதம் அதை மறக்கடிக்கிறது.