இளைப்பு கூடும் நாட்கள்: பெருந்தொற்றுக் காலத்தில் சிஓபிடி பற்றிய கேள்விகளும் பதில்களும்

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களும், அவர்களை வீட்டில் கவனித்துக்கொள்பவர்களும் கொரோனா காலத்தில் அனுப்பிய கேள்விகளுக்கு, நெஞ்சக நோய்ப் பிரிவில் 22 ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். இந்நோயைப் பலரும் சிஓபிடி என்றே அறிந்திருப்பதால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். நேரில் பார்க்காத நோயாளருக்கு மருந்தின் அளவை எழுதித் தர மாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 71 வயது. பத்து ஆண்டுகளாக சிஓபிடி இருக்கிறது. நான்கு நாட்களாக இளைப்பு கூடியிருக்கிறது, சளியும் மஞ்சளாகிவிட்டது. காய்ச்சல் இல்லை. இது பழைய நோயா, கொரோனாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அறிகுறிகளை மட்டும் வைத்து உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. இன்றே கொரோனா பரிசோதனை செய்துவிடுங்கள்.

சிஓபிடி திடீரென மிகும்போது மூன்று மாற்றங்களைக் கவனிப்போம்: மூச்சுத்திணறல் கூடுவது, சளியின் அளவு கூடுவது, சளி சீழ்போல மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது. 1987இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்த இந்த அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறோம். சளியின் நிறம் மாறி, அதனுடன் மற்ற இரண்டில் ஒன்றாவது இருந்தால்தான் ஆன்டிபயாட்டிக் பயன் தரும் வாய்ப்பு அதிகம். உங்கள் அப்பாவுக்கு அந்த நிலை இருப்பதுபோலத் தெரிகிறது. ஆனாலும் அதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொரோனாவில் உடல்வலி, வறட்டு இருமல், வாசனையும் சுவையும் போவது ஆகியவை கூடுதலாக வரலாம், வராமலும் போகலாம். சிஓபிடியைத் திடீரென மிகச் செய்வதில் சளிக்காய்ச்சல் வைரஸ்களுக்கு எப்போதுமே பெரிய பங்கு உண்டு. கொரோனா வைரஸும் அதையே செய்யக்கூடும். ஆகவே ‘இதுவா, அதுவா’ என்று பார்ப்பதைவிட ‘இரண்டும் சேர்ந்திருக்குமோ’ என்று எண்ணுவதே பாதுகாப்பு. இதற்கெல்லாம் முன்னால், அப்பா நன்றாக இருந்த ஒரு நாளில் எத்தனை படி ஏறினார், எவ்வளவு சளி துப்பினார், விரலில் மாட்டினால் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை விழுக்காட்டில் காட்டும் ஆக்சிமீட்டர் எவ்வளவு காட்டியது என்பவை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நல்ல நாளின் கணக்கு இல்லாமல் கெட்ட நாளை அளக்க முடியாது.

கேள்வி: போன முறை இளைப்பு வந்தபோது கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை மீதி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமாக இருப்பதால் அதையே போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். சிஓபிடி மிகும்போது ஸ்டீராய்டு மாத்திரை உண்மையிலேயே உதவும் மருந்து. அதை நான் பழிக்கவில்லை. பெரும்பாலானோருக்கு 5 நாட்கள் போதும். 14 நாட்கள் கொடுத்தாலும் கூடுதல் பயன் இல்லை என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் கொரோனாவில் கணக்கு வேறு. பிரிட்டனில் நடந்த ‘ரெகவரி’ ஆய்வு, டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளர்களின் உயிரைக் காத்தது என்று 2020இல் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அது பயன் தரவில்லை, தீங்கு செய்யக்கூடும் என்ற ஐயமும் எழுந்தது. உங்களுக்கு வந்திருப்பது எது என்று தெரியாமல் அந்த மாத்திரையைப் போடுவது இருட்டில் கத்தி வீசுவதற்குச் சமம். சர்க்கரை நோயும் இருந்தால் சர்க்கரை எகிறும். கருப்புப் பூஞ்சைத் தொற்றுக்கு வழி திறந்தவற்றில் கட்டுப்பாடற்ற சர்க்கரையும் அளவுமீறிய ஸ்டீராய்டும் முதன்மையானவை.

நோய் மிகுந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் மருத்துவரே முன்கூட்டி எழுத்தில் திட்டம் தந்திருந்தால் அது வேறு. அப்போதும் தொடங்கிய அன்றே அவரிடம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருப்பதால் நோய் எதிர்ப்பு சக்தி குறையும் என்று சொல்லி நிறுத்திவிட்டேன். சரிதானே?

பதில்: சரியில்லை, இன்றே தொடங்குங்கள். உள்ளிழுக்கும் மருந்தின் அளவு மாத்திரையோடு ஒப்பிட மிகச் சிறியது; அதை நிறுத்தியதால் நோய் மிகுந்து படுக்கையில் விழுவதுதான் பெரிய ஆபத்து. உள்ளிழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, ஆஸ்துமா இருக்கிறது. அவனுக்கும் இதே விதிகள்தானா?

பதில்: இல்லை. இங்கே நான் சொல்லும் எண்களில் எதையும் குழந்தைக்குப் பொருத்தாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் நெபுலைசர் (மருந்தை நுண்துளிகளாக்கித் தரும் கருவி) போடலாமா, இன்ஹேலர் போதுமா?

பதில்: இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழலுடன் முறையாக இழுத்தால், பெரும்பாலானோருக்கு இன்ஹேலர் நெபுலைசருக்கு ஈடான பலனைத் தரும். நெபுலைசர் போடும்போது எழும் புகைத்துளிகள் அறையில் பரவுகின்றன. தொற்று இருக்கும் ஐயமுள்ளபோது கூட இருப்பவர்களுக்கு அது நல்லதல்ல. மருத்துவர் கட்டாயம் என்று சொல்லியிருந்தால் சன்னலைத் திறந்துவைத்து, அறையில் வேறு யாரும் இல்லாமல் போடுங்கள். அழுத்தி அடிக்கும் இன்ஹேலரை மெதுவாக, ஆழமாக இழுத்து 10 நொடி மூச்சை அடக்க வேண்டும். பொடி இன்ஹேலரை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இவ்விரண்டையும் மாற்றிச் செய்து, ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று வந்தவர்கள் மிகப் பலர்.

கேள்வி: ஊரடங்கின்போது சிஓபிடி நோயாளர்கள் ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்துவிட்டது என்று படித்தேன். அப்படியானால் வீட்டிலேயே இருப்பதுதான் நல்லதா?

பதில்: பல நாடுகளின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் 2020இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது உண்மை. முகக்கவசம், இடைவெளி, கை கழுவுதல் ஆகியவை கொரோனாவை மட்டுமன்றி மற்றச் சளிக்காய்ச்சல் வைரஸ்களையும் தடுத்தன. தெருவில் புகையும் குறைந்தது. அது மகிழ்ச்சியான பாதி. அஞ்சி வீட்டிலேயே மூச்சுக்குத் தவித்தவர்களும் அதே கணக்கில்தான் ‘வராதவர்கள்’ ஆனார்கள். உதடு நீலம் பாய்ந்தால், ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு போதாவிட்டால், பேச்சு குழறினால், அரைத்தூக்கத்தில் ஆழ்ந்தால், கொரோனா பயம் உங்களை வீட்டில் பிடித்துவைக்கக் கூடாது.

கேள்வி: என் அம்மாவுக்கு சிஓபிடி. ஆக்சிமீட்டர் 90, 91 என்றே காட்டுகிறது. 94க்குக் கீழே போனால் ஆபத்து என்று எல்லா இடங்களிலும் அறிவிக்கிறார்கள். ஆக்சிஜன் செறிவூட்டியை ஏற்றி வைக்கலாமா?

பதில்: அந்த 94 நல்ல நுரையீரல் உள்ளவர்களுக்கான எல்லை. கரியமில வாயு தேங்கும் வாய்ப்புள்ள சிஓபிடி நோயாளருக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது நாங்கள் குறிவைப்பது 88 முதல் 92 வரை. அம்மா நன்றாக இருந்த நாளிலும் 90தான் காட்டியது என்றால் அது அவருடைய வழக்கமான அளவு. அதிலிருந்து 3 புள்ளி இறங்கினால் உடனே மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி (முன்பு கேட்டவரே): மன்னிக்கவும் டாக்டர், ஆக்சிஜன் கூடினால் நல்லதுதானே? கூடுதல் காற்று யாருக்குக் கெடுதல் செய்யும்?

பதில்: உங்கள் கவலை புரிகிறது, ஆகவே விரிவாகவே சொல்கிறேன். கெட்டுப்போன நுரையீரலில் சில பகுதிகளுக்குக் காற்று சரியாகப் போவதில்லை. உடல் அதை உணர்ந்து, அப்பகுதிகளின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, காற்று நன்றாகப் போகும் பகுதிகளுக்கு இரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் அந்தச் சுருக்கம் விலகிவிடும். இரத்தம் மீண்டும் காற்றோட்டம் இல்லாத இடத்துக்கே ஓடி, கரியமில வாயுவை இறக்காமலே திரும்பும். ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபினுக்குக் கரியமில வாயுவைச் சுமக்கும் திறனும் குறைகிறது. சிலருக்கு மூச்சின் வேகமும் தணிகிறது. விளைவாக வாயு தேங்கி, காலையில் தலைவலி, கை நடுக்கம், தூக்கமயக்கம், பின்பு நினைவிழப்பு என்று போகும்.

இது ஏட்டுக் கணக்கு அன்று. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்ட 405 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், கட்டுப்பாடின்றி அதிக ஆக்சிஜன் பெற்றவர்களில் 9 விழுக்காட்டினர் இறந்தார்கள். 88 முதல் 92 வரை அளந்து கொடுக்கப்பட்டவர்களில் 4 விழுக்காட்டினர். ஆக்சிஜனும் மருந்துதான், மருந்துக்கு அளவு உண்டு.

கேள்வி (வேறொருவர்): இப்படிச் சொன்னால் மக்கள் ஆக்சிஜனுக்கே பயந்து 80க்கு இறங்கும்வரை காத்திருப்பார்கள். கொரோனாவில் மூச்சுத்திணறலே இல்லாமல் அளவு சரிகிறதே? நீங்கள் பொறுப்போடு பேச வேண்டும்.

பதில்: உங்கள் எச்சரிக்கை நியாயமானது; அதை ஏற்கிறேன். ஆக்சிஜன் குறைவு நிமிடங்களில் கொல்லும்; கரியமில வாயு பெரும்பாலும் மணிக்கணக்கில்தான் கெடுக்கும். ஆகவே 88க்குக் கீழே இறங்கியவருக்கு ஆக்சிஜனைத் தராமல் வைத்திருப்பது பெரும் தவறு. கொரோனா நிமோனியாவில் நோயாளர் இயல்பாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே அளவு இறங்குவதும் உண்மை; ஆகவே இளைப்பு கூடாவிட்டாலும் நாளுக்கு மூன்று நான்கு முறை அளந்து எழுதிவையுங்கள். அளக்கும் முன் 5 நிமிடம் அமர்ந்திருங்கள். விரல் குளிர்ந்தோ நகப்பூச்சோடோ இருக்கக் கூடாது. கருமை நிறத் தோலில் இக்கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்பதை 2020இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டியது. ஆனால் இவற்றில் எதுவும் சிஓபிடி நோயாளரை 98க்கு ஏற்றுவதற்குக் காரணம் ஆகாது. குறைவும் ஆபத்து, மிகையும் ஆபத்து என்பதைத்தான் நான் சொல்கிறேன்.

கேள்வி: முகக்கவசம் போட்டால் கரியமில வாயு தேங்காதா?

பதில்: சாதாரண அறுவை முகக்கவசத்தால் இரத்த வாயு அளவுகள் பெரிதாக மாறுவதில்லை. திணறலாக இருந்தால் கூட்டமில்லாத இடத்தில் கழற்றி ஓய்வெடுங்கள்.

கேள்வி: ஆவி பிடித்தால் நுரையீரலில் உள்ள வைரஸ் சாகுமா?

பதில்: சாகாது, கொதிநீர் கொட்டித் தோல் வெந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் தந்த ஸ்டீராய்டு மாத்திரை...

பதில்: மேலே எழுதியதைப் படியுங்கள். மீந்ததும் வேண்டாம், பிறருடையதும் வேண்டாம்.

கேள்வி: தடுப்பூசி போட்டால் இளைப்பு மிகுமா?

பதில்: ஓரிரு நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். சிஓபிடி உள்ளவருக்குக் கொரோனா கடுமையாகும் ஆபத்து அதிகம் என்பதால் நீங்கள்தான் முதலில் போட வேண்டியவர். ஆண்டுதோறும் இன்ஃப்ளுயன்சா தடுப்பூசியும், நிமோகாக்கல் தடுப்பூசியும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: ஸ்டீராய்டு மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டால்?

பதில்: இதே கேள்வி இன்று ஐந்தாவது முறையாக வருகிறது. பாதியும் வேண்டாம். மருத்துவரை அழைக்க ஆகும் பத்து நிமிடம் உங்கள் உயிருக்காக ஒதுக்குங்கள்.

கேள்வி (90, 91 என்று எழுதியவர்): டாக்டர், உங்கள் பதிலுக்கு முன்பே நேற்றிரவு ஆக்சிஜனை நிமிடத்துக்கு 5 லிட்டர் வைத்துவிட்டோம். இப்போது 98 காட்டுகிறது. ஆனால் காலையில் தலைவலி என்றார். இப்போது எழுப்பினால் கண்ணைத் திறந்து மறுபடியும் தூங்கிவிடுகிறார்.

பதில்: இது கரியமில வாயு தேங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். குழாயைச் சட்டென்று கழற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் ஆக்சிஜன் முன்பு இருந்ததைவிடக் கீழே விழும். முதலில் ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை அம்மாவை நிமிர்த்திச் சாய்த்து உட்கார வைத்து, ஆக்சிமீட்டரைப் பார்த்தபடி, 88 முதல் 92க்குள் நிற்கும்வரை லிட்டரைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். வருபவர்களிடம் ‘சிஓபிடி, இரவு முழுவதும் 5 லிட்டர், இப்போது தூக்கமயக்கம், இரத்த வாயுப் பரிசோதனை தேவை’ என்று இதே சொற்களில் சொல்லுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம், இப்போதே அழையுங்கள்.