அந்த மண்டபம் யாருடையது?

கேள்வி: அன்புள்ள அக்கா, இரண்டு வருடத்துக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் வீடு வாங்கிக் குடிவந்தோம். மாமா சாவகச்சேரிக் காணியை விற்றுத் தந்த காசு, லண்டனில் இருக்கும் என் அண்ணா அனுப்பிய காசு, மிச்சம் வங்கிக் கடன். வாங்கும்போது தந்த விளம்பரப் புத்தகத்தில் மொட்டைமாடியில் நீச்சல் தடாகம், ஜிம், பிள்ளைகள் விளையாட இடம், விசேஷங்கள் வைக்க மண்டபம், எல்லா வீட்டுக்கும் ஜெனரேட்டர் என்று படம் படமாகப் போட்டிருந்தார்கள். இன்றைக்கு மேலே இருப்பது மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளம். மண்டபத்தைப் பூட்டி, யாருக்கோ சாமான் அடுக்கி வைக்க வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டும். கேட்டால் '2022 நெருக்கடி, சாமான் வரவில்லை' என்ற ஒரே பதில். பராமரிப்புக் காசு மட்டும் மாதம் தவறாமல் வாங்குகிறார்கள். அதைக் கட்டாமல் விடலாமா? இந்த வீடுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். இப்போது இவர் என்னோடு பேசுவதே குறைந்துவிட்டது. விற்றுவிட்டுப் போவோம் என்கிறார். நான் செய்தது பிழையா அக்கா?
– ஒன்பதாம் மாடித் தங்கச்சி, கொழும்பு 6

பதில்: அன்புத் தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, நீங்கள் செய்தது பிழை இல்லை. அச்சடித்த புத்தகத்தைக் காட்டி, கோடிக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு, 'இதெல்லாம் கிடைக்கும்' என்று ஒருவர் சொன்னால் நம்புவதுதான் மனித இயல்பு. பிள்ளைகள் விளையாட இடமும், மகளின் சாமத்திய வீட்டைக் கீழேயே வைக்க ஒரு மண்டபமும் வேண்டும் என்று ஆசைப்பட்டதில் என்ன குற்றம்? பொய் சொன்னவர் நிம்மதியாகத் தூங்க, நம்பியவர்கள் ஒரே வீட்டுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடக் கவலையாக இருக்கிறது. இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடமும் வாசிக்கக் கொடுங்கள்.

சரி, இனி வேலைக்கு வருவோம். உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். புத்தகத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், படங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கொண்டோமினியம் பிளான் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீங்கள் அதைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். முக்கால்வாசிப் பேர் பார்ப்பதில்லை. ஆனால் உங்கள் வழக்கின் உயிர் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் தொடர்மாடி வீடுகளுக்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிறகு 1982, 1999, 2003 ஆகிய ஆண்டுகளில் திருத்தியிருக்கிறார்கள். அதன்படி கட்டடம் முழுவதையும் அளந்து ஒரு பிளான் வரைந்து, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். அந்தப் பிளானில் கட்டடத்தின் ஒவ்வொரு மூலையும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, இலக்கம் போட்ட தனி அலகு. அல்லது எல்லாருக்கும் சொந்தமான பொதுக் கூறு. படிக்கட்டு, லிஃப்ட், தண்ணீர்த் தாங்கி, மொட்டைமாடி எல்லாம் வழக்கமாகப் பொதுக் கூறாக வரும். பொதுக் கூறில் உங்கள் வீட்டுக்கு என்று பிரிக்கப்படாத ஒரு பங்கு உண்டு. அதை உங்கள் வீட்டிலிருந்து பிரித்து யாரும் தனியாக விற்க முடியாது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த மண்டபம் பிளானில் பொதுக் கூறா, இல்லை இலக்கம் போட்ட அலகா? பொதுக் கூறு என்றால் கட்டியவர் வாடகைக்குக் கொடுத்திருப்பது உங்கள் எல்லாருடைய சொத்தை. அந்த வாடகைக்கு அவர் கணக்குச் சொல்லியே ஆகவேண்டும். தன் பெயரில் தனி அலகாக வைத்துப் பதிந்திருந்தால் கதை வேறு. அப்போது 'மண்டபம் எங்களுடையது' என்று கேட்க முடியாது, 'மண்டபம் தருவதாகச் சொல்லி எங்களை வாங்க வைத்தீர்கள்' என்றுதான் கேட்க வேண்டும். இது கடினமான வழி, ஆனால் வழி இல்லாமல் இல்லை.

நான் இதைச் சும்மா சொல்லவில்லை. தெஹிவளையில் நாங்கள் இருந்த தொடர்மாடியில் மொட்டைமாடிக் கதவுக்கு ஒருநாள் புதிதாகப் பெரிய பூட்டு வந்தது. உடுப்புக் காயப்போடப் போன பக்கத்து வீட்டு அன்ரி வாளியோடு திரும்பி வந்தார். கொஞ்ச நாளில் மேலே ஒரு தொலைபேசிக் கோபுரம் ஏறியது, அதன் வாடகை கட்டடத்தைக் கட்டியவரின் கைக்குப் போனது. எட்டு வீட்டுக்காரர் சேர்ந்து பிளானின் பிரதியை எடுத்தோம். மொட்டைமாடி பொதுக் கூறு என்று தெளிவாக இருந்தது. அந்த ஒரு தாளை மேசையில் வைத்த பிறகுதான் அவருடைய பேச்சே மாறியது. பதினான்கு மாதம் இழுத்தடித்தார். கடைசியில் வாடகை எங்கள் பொது நிதிக்கு வந்தது. பூட்டின் சாவி இன்றைக்கும் அந்த அன்ரியிடம்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டின் உறுதிப் பத்திரத்தில் பிளானின் இலக்கம் இருக்கும். அதை வைத்துக் காணிப் பதிவகத்தில் சான்றுப்படுத்திய பிரதி கேளுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். கட்டட அனுமதிக்கு மாநகர சபைக்கும் நகர அபிவிருத்தி அதிகாரசபைக்கும் கொடுத்த வரைபடத்தில் தடாகமும் மண்டபமும் இருந்தனவா, கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழ் கொடுக்கப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். அனுமதித்த வரைபடத்தின்படி கட்டியிருக்கிறது என்று சொல்வதுதான் அந்தச் சான்றிதழ். மேலே வெறும் பள்ளம் இருக்கும்போது அதை எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கவுண்டரில் 'நாளைக்கு வாங்கோ' என்றால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பியுங்கள். தமிழிலேயே எழுதலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

பராமரிப்புக் காசை நிறுத்தாதீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் காசில்தான் தண்ணீர்ப் பம்ப் ஓடுகிறது, லிஃப்ட் ஓடுகிறது. நீங்கள் ஒன்பதாம் மாடி! கட்டாத காசு உங்கள் பெயரில் கடனாகவே நிற்கும். நாளைக்கு நீதிமன்றத்தில் 'இவர்களே கட்டுவதில்லை' என்று உங்களை நோக்கி விரல் நீட்ட அது போதும். காசைக் கட்டுங்கள், கட்டும்போதே 'ஆட்சேபத்துடன் கட்டுகிறோம், கணக்கு விவரம் தாருங்கள்' என்று ஒரு கடிதமும் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குங்கள்.

அந்தக் காசை யார் வாங்குகிறார்கள் என்பதையும் பாருங்கள். பிளான் பதிந்தவுடன் வீட்டு உரிமையாளர்கள் எல்லாரையும் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று சட்டப்படி உருவாகிறது. தன் பெயரிலேயே வழக்குப் போட அதற்கு அதிகாரம் உண்டு. பல இடங்களில் கட்டியவர் கூட்டத்தையே கூட்டாமல், தன் ஆளை மேலாளராகப் போட்டுக் காலத்தை ஓட்டுகிறார். உங்கள் இடத்திலும் அதுதான் நடக்கிறது என்று தோன்றுகிறது. கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகாரசபை இதைப் பார்க்கத்தான் இருக்கிறது. ஒரு வீட்டின் முறைப்பாடாகப் போகாமல், முடிந்த அளவு வீடுகளின் கையெழுத்தோடு போங்கள். சிங்களக் குடும்பங்கள், முஸ்லிம் குடும்பங்கள், வாடகைக்குக் கொடுத்துவிட்டு டொரொண்டோவில் இருப்பவர்கள் எல்லாரையும் சேருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அந்தப் பள்ளத்தின் படத்தை அனுப்பினாலே போதும், உடனே பதில் வரும்.

அந்தப் பள்ளத்தை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. கொழும்பில், மழைக்காலத்தில், பிள்ளைகள் இருக்கும் கட்டடத்தின் மேல் தேங்கிய தண்ணீர்! தடாகம் எப்போது வரும் என்ற சண்டைக்குக் காத்திருக்காதீர்கள், இன்றைக்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அவர் வந்து பார்த்து எழுதும் அறிக்கை, மேலே தடாகம் கட்டி முடிக்கப்படவில்லை என்பதற்கு அரசாங்க ஊழியர் ஒருவர் எழுதிய சாட்சியாகவும் இருக்கும்.

'2022 நெருக்கடி' என்ற பதிலை முழுப்பொய் என்று நான் சொல்லமாட்டேன். டொலர் இல்லை, இறக்குமதிக்குத் தடை, பெற்றோல் வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு, எல்லாம் நாம் அனுபவித்ததுதான். ஜெனரேட்டர் வரத் தாமதமானது என்றால் நம்பலாம். ஆனால் நெருக்கடியா மண்டபத்துக்குப் பூட்டுப் போட்டு வாடகை வாங்கச் சொன்னது? நீங்கள் குடிவந்தே இரண்டு வருடம். தடைகள் தளர்ந்த பிறகும் ஏன் வேலை தொடங்கவில்லை என்று எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில்.

அப்புறம் சட்டத்தரணி. உறுதி எழுதிய நொத்தாரிசு யார் ஏற்பாடு செய்தவர்? கட்டியவரின் ஆளாக இருந்தால் இந்த முறை அவரிடம் போகாதீர்கள். உங்களுக்கென்று ஒருவரைப் பிடியுங்கள். 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி காணி, வீடு சம்பந்தமான ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னால் எழுதப்பட்டால்தான் செல்லும், விற்பனைப் பெடியன் வாயால் சொன்னது அதில் ஏறாது. எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சால் மாற்ற முடியாது என்று சான்றுக் கட்டளைச் சட்டமும் சொல்கிறது. ஆனால் மோசடி நடந்தது என்றால் அதைக் காட்டச் சாட்சியம் கொண்டுவர அதே சட்டம் இடம் விடுகிறது. அதனால் அந்த விளம்பரப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். பத்திரிகை விளம்பரம், வாட்ஸ்அப் செய்திகள், பற்றுச்சீட்டுகள், எதையும் எறிய வேண்டாம். பழைய போனை மாற்றுவதாக இருந்தால் முதலில் செய்திகளைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் 'வடிவமைப்பை மாற்றும் உரிமை கட்டுநருக்கு உண்டு' என்ற மாதிரி ஒரு வாசகம் இருக்கிறதா என்று சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பலர் ஆங்கிலத்தில் இருந்த தாளை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. காலமும் முக்கியம். எழுத்து ஒப்பந்தத்தை மீறியதற்கு வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறது, ஆனால் நட்டஈடு கேட்கும் சில வழக்குகளுக்கு இரண்டே வருடம்தான். நீங்கள் வந்து இரண்டு வருடம் என்கிறீர்கள். ஆகவே இந்த வாரமே போங்கள்.

இந்தியாவில் 2016இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தைப் பற்றிச் சென்னையில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது சொல்லியிருக்கலாம். அது அங்கே நல்ல சட்டம்தான், ஆனால் இங்கே செல்லாது.

விற்பதைப் பற்றி. அது உங்கள் இருவரின் முடிவு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: வாங்க வருபவரிடம் அந்தப் புத்தகத்தைக் காட்டாதீர்கள். மேலே கூட்டிப்போய் உள்ளதைக் காட்டுங்கள். உங்களுக்கு நடந்தது இன்னொரு தங்கச்சிக்கு நடக்க வேண்டாம்.

ஆனால் பிளான் கைக்கு வரும்வரை விற்கும் பேச்சை ஒத்திவையுங்கள் என்பதுதான் என் எண்ணம். மண்டபமும் மொட்டைமாடியும் உங்கள் எல்லாருடையது என்று அதில் இருந்தால், இப்போது விற்பது உங்களுக்குத்தான் நட்டம். பதிவகத்துக்கு உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டு பேரும் சேர்ந்து வரிசையில் நில்லுங்கள். பிரதி கிடைத்ததும் மண்டபத்துக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்து யாருக்கு எப்படிக் கடிதம் போடுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா